சூளை நிலத்துக் கேழ்வரகு

சட்டம் மாறுவது டில்லியில். மாறிய சேதி பூந்தமல்லிக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகும், சில சமயம் மூன்று. தபாலில் வரும் தீர்ப்புப் பத்திரிகைதான் எங்களுக்கு வேதம். வக்கீல்கள் அறைக்கு ஒரே ஒரு பிரதி வரும். அதை வயசு வரிசையில்தான் படிக்கவேண்டும் என்பது அங்கே எழுதி வைக்காத சட்டம். பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்து, வெற்றிலை போட்டு, பக்கம் பக்கமாக மேய்ந்து முடித்து அடுத்தவர் பக்கம் தள்ளுவார். அவர் இன்னொருவருக்கு. என் முறை வருவதற்குள் அந்தத் தீர்ப்புக்கே நரை விழுந்திருக்கும்.

எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. அதனால் காட்டுப்பாக்கத்தில் என் வீட்டு விலாசத்துக்கே தனியாக ஒரு பிரதி வரவழைத்தேன். அதனால் மற்றவர்களைவிட ஒரு வாரம், பத்து நாள் நான் முந்தி. அந்தப் பத்து நாளில் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறேன் தெரியுமா? கோர்ட்டில் எழுந்து நின்று, எதிர் வக்கீல் கேள்விப்பட்டே இராத தீர்ப்பை எடுத்துப் போடும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும். அதற்காகவே நான் வக்கீலாக இருந்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். நாலு தலைமுறையாகப் பயிர் வைக்கிற குடும்பம். மூன்று சகோதரர்கள், பாகம் பிரியாத சொத்து. நடுவில் உள்ளவன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. அவன் பெண்டாட்டி புருஷன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டுவிட்டாள்.

"இன்னா அநியாயம் பாருங்க வக்கீலய்யா," என்றான் மூத்தவன். "சோறு போட்டுக்கினு கீறோம். துணி எடுத்துக் குடுக்கறோம். பொட்டச்சி கோர்ட்டு ஏறிக்கினா!"

அவன் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் பாகம் பிரியாத குடும்பத்தில் புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குக் கிடைப்பது சோறும் சேலையும்தான். பங்கு கிங்கு என்று வாய் திறக்க முடியாது. யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி டில்லியில் புதுச் சட்டம் போட்டார்கள். புருஷனுக்கு என்ன பங்கோ அது அவன் விதவைக்கு, அவள் உயிரோடு இருக்கிற வரைக்கும். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். சட்டப் பிரகாரம் என் கட்சிக்காரர்களுக்கு ஒரு வழியும் இல்லை. மூன்றில் ஒரு பங்கை அவிழ்த்துக் கொடுக்க வேண்டியதுதான். நானும் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்துக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது?

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். வேப்பம்பட்டில் பிறந்தவள். பிறந்த வீட்டில் போய் நிற்க ஒரு தம்பிகூட மிச்சமில்லை. முப்பது வயசு இருக்கும். புருஷனுக்கு விவசாயம் கசந்துபோய், குடும்ப நிலத்தில் மூன்று ஏக்கரில் செங்கல் சூளை போட்டிருந்தான். அவள்தான் கூட நின்று மண் மிதித்தவள். அவன் செத்த பிறகு சூளை அணைந்து போயிற்று. மூத்தவன் வீட்டில் ஓரகத்தி பேச்சுத் தாங்காமல், சூளைக் கொட்டகையிலேயே கீற்று வேய்ந்துகொண்டு இருந்தாள். வழக்கில் ஜெயித்தால் அவளுக்கென்று ஒரு துண்டு மண். தோற்றால் ஆயுசுக்கும் மைத்துனன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே தபாலைப் பிரித்தேன். டில்லி பெடரல் கோர்ட்டின் அபிப்பிராயம் அதில் இருந்தது. விவசாய நிலத்துக்கு யார் வாரிசு என்பது மாகாணங்களின் விஷயம். மத்திய சபை போட்ட அந்தப் புதுச் சட்டம் மாகாணங்களில் விவசாய நிலத்தைத் தொடாது. வீட்டுக்குச் செல்லும், பண்ட பாத்திரத்துக்குச் செல்லும், வயலுக்குச் செல்லாது. எங்கள் மாகாணத்திலோ அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. கையில் குழம்புச் சோற்றோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாங்க, மொளகா கடிச்சிட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

"ஜெயிச்சுட்டேன்டி!" என்றேன்.

அண்ணன் தம்பிக்கு ஆள் அனுப்பினேன். அவளுக்கு வீட்டில் ஒரு அறை கிடைக்கும், நிலத்தில் ஒரு பிடி மண் கிடையாது என்று சொன்னதும் மூத்தவன் துண்டை உதறித் தோளில் போட்டான். "அப்ப டில்லியே நம்ம பக்கம்னு சொல்லுங்க!" மறுநாள் என் வீட்டுக்கு இரண்டு பரங்கிக்காயும் ஒரு சேவலும் வந்தன.

அவளுடைய வக்கீல் நல்ல மனுஷர். என்னைவிடப் பத்து வயசு பெரியவர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். வாய்தா நாளில் அவர் அந்தச் சட்டத்தைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் பேசவிட்டேன். முடித்து உட்கார்ந்த பிறகு மெதுவாக எழுந்து பத்திரிகையை நீட்டினேன். முன்சீப் படித்தார். படித்துவிட்டு அவள் வக்கீலிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு தரம் புரட்டிப் படித்தார். வக்கீல்கள் அறைப் பிரதி அன்றைக்கு எந்தக் கிழவர் மடியில் கிடந்ததோ! அவருக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று புரியாமல் முகத்துக்கு முகம் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

ஆனால் அந்த மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. பத்து நாள் கழித்து மனுவைத் திருத்திக்கொண்டு வந்தார். மற்ற வயலெல்லாம் போகட்டும். அந்த மூன்று ஏக்கர் சூளை நிலம் விவசாய நிலமே அல்ல. புருஷன் செத்த அன்றைக்கு அது செங்கல் சூளை. ஆகவே புதுச் சட்டம் அதற்குச் செல்லும். மூன்றில் ஒரு பங்கு, ஒரு ஏக்கர், அவளுக்கு வரவேண்டும். எனக்கு மூக்கில் குத்து விழுந்த மாதிரி இருந்தது. சரியான வாதம். நான் என்ன சொன்னேன்? அது நஞ்சை புஞ்சை மாதிரிப் பயிர் நிலம்தான், கோடையில் சும்மா கிடக்கிற மூலையில் ஏதோ நாலு செங்கல் அறுத்தார்கள், அவ்வளவே என்றேன். பொய். வருஷம் முழுக்கச் சூளை எரிந்த இடம் அது. அண்ணன் தம்பி கொண்டுவந்த சாட்சிகள் பூராவும் அவர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். அதை முன்சீப் நம்பவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆனி மாசத்தில் அவள் கூண்டில் ஏறினாள். குறுக்கு விசாரணையில் எனக்கென்று ஒரு பாணி உண்டு. படிக்காதவர்கள் ஒன்றைச் சொல்ல ஒன்பதைச் சொல்வார்கள். அந்த ஒன்பதில்தான் உண்மை இருக்கும். அதைச் சொல்லவிடக் கூடாது. ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா. அதற்கு மேல் வாயைத் திறந்தால் மேஜையைத் தட்டுவேன்.

"நீ கட்டியிருக்கிற சேலை யார் எடுத்துக் கொடுத்தது?"

"மூத்தாரு போன வருசம் பொங்கலுக்கு..."

"அவர் எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அவர் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறாய். ஆமாவா, இல்லையா?"

"அது இன்னான்னா சாமி, ஊட்டுல அவங்க..."

"ஒரே வார்த்தை!"

"ஆமா."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். அந்தச் சேலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கூண்டுக் கட்டைக்குப் பின்னால் ஒடுங்கினாள். எனக்கு அது போதவில்லை. இன்னும் கேட்டேன். புருஷனுக்கு வைத்தியம் பார்த்தது யார், கொள்ளி போட்டது யார், பிள்ளை பெறாதவளுக்கு நிலம் எதற்கு. எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"அந்த மூன்று ஏக்கரில் நாலைந்து வருஷமாக ஏரே பூட்டவில்லை என்கிறாய். ஆமாவா?"

"ஆமா."

"அங்கே பயிர் வராது என்கிறாய்?"

"சூளை போட்ட மண்ணுங்க. சாம்பலும் ஓட்டாஞ்சல்லியும்... ஆமா. வராது."

அதை முன்சீப் எழுதிக்கொண்டார். எனக்குச் சொரேல் என்றது. நானே கேட்டு நானே அவளுக்குச் சாதகமாகச் சாட்சி வாங்கிக் கொடுத்துவிட்டேன்! அவள் சொன்னது உண்மை, கேட்கவும் உண்மையாக இருந்தது. வேறு வழி இல்லாமல், நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனரை நியமிக்கவேண்டும் என்று மனுப் போட்டேன். எல்லாம் நாள் கடத்தத்தான். கமிஷனராக ஓர் இளம் வக்கீலைப் போட்டார்கள். ஆவணி மாசம் கடைசியில் வந்து பார்ப்பதாகத் தேதி ஆயிற்று. அவன் வந்து சாம்பலையும் உடைந்த செங்கல்லையும் பார்த்து எழுதிவிட்டால் என் கதை முடிந்தது.

அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் அவள் வக்கீல் அவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "இந்தா பாரும்மா. கமிஷனர் வந்து பார்க்கற வரைக்கும் அந்த நெலத்துல ஒரு துரும்பை நகர்த்தாதே. இப்ப எப்படிக் கெடக்கோ அப்படியே கெடக்கட்டும். புரிஞ்சுதா?"

"சரிங்க சாமி," என்றாள் அவள்.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் மாதிரி ஆடி மழையை எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ராத்திரி பெய்து காலையில் வெறிக்கும், மண்ணில் ஆவி பறக்கும். ஊரே ஏரும் கையுமாக இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. விதைக்கு என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்லக்கூடாது. பகையாளியாக இருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருந்தாலும் சரி. சொன்னால் கொடுக்காதவன் வயல்தான் கருகும் என்பார்கள். வாங்கினவர்கள் அறுப்பு முடிந்ததும் விதை கொடுத்த வீட்டுக்கு முதல் பிடி கொண்டுவந்து கொடுப்பார்கள். என் மனைவி ஆடியில் மூட்டை அவிழ்த்து வைத்துவிடுவாள். அக்கம்பக்கத்து ஊரில் அந்தக் கை பேர் போன கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேஸ் கட்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறத்தில் பேச்சுக்குரல் கேட்டது. குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கூண்டில் அடங்கிப்போயிருந்த குரல் இங்கே தாராளமாக இருந்தது.

"கோர்ட்டு வேற, வெதை வேறன்னு வந்தேன்க்கா," என்றாள் அவள். "மூத்தாரு தானியக் குதிருக்குப் பூட்டுப் போட்டுட்டாரு. ஊர்ல கேட்டா அவருக்குப் பயந்துக்கினு ஒருத்தரும் தர்ல. கேவுரு ரெண்டு படி இருந்தாப் போதும்."

"தர்றேன். எங்க வெதைக்கப் போறே? உனக்குத்தான் நெலம் இல்லைங்கறாங்களே?"

"சூளைக் கொல்லையிலதான். சல்லியெல்லாம் பொறுக்கிக் கொட்டிட்டேங்க்கா. பதினஞ்சு நாளா ஒண்டிக் கையில. சாம்பல் மண்ணு, மழைக்கு நல்லா இளகிக் கெடக்குது. சும்மா போட மனசு கேக்கல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்க வக்கீலு தொடாதேன்னாரு. அவரு பட்டணத்துக்காரரு, அவருக்கு இன்னா தெரியும்? ஆபீசரு வந்து பாக்கறப்போ வெறும் மண்ணு கெடந்தா, இவளுக்கு எதுக்கு நெலம்னு சொல்லிட மாட்டாரா? பயிர் நின்னாத்தானே நெலம் யாருதுன்னு தெரியும்?"

நான் கேஸ் கட்டைக் கீழே வைத்தேன்.

அவள் நினைத்ததில் தப்பே இல்லை, அவள் ஊர் நியாயப்படி. எங்கள் பக்கத்தில் பயிர் வைத்தவனுக்குத்தான் நிலம். எந்தப் பஞ்சாயத்திலும் முதல் கேள்வி, பயிர் யாருது என்பதுதான். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்; அவள் மனசு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவள் வக்கீல் தொடாதே என்று சொன்னாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. பயிர் முளைத்தால் அது விவசாய நிலம், விவசாய நிலமென்றால் அவளுக்கு இல்லை, பயிர் வராது என்று சத்தியம் பண்ணிச் சொன்னதும் பொய்யாகிவிடும் என்று அவளுக்கு யார் சொல்வது? பக்கத்து அறையிலிருந்து நான் சொல்லியிருக்கலாம். வேணாம்மா, உங்க வக்கீலை ஒரு தரம் கேட்டுட்டு வா. அத்தனை போதும்.

என் மனைவி உள்ளே வந்தாள். "இன்னாங்க, அந்தக் கேசுக்காரப் பொண்ணு வந்துகீது. வெதைக்கு. உங்க எதிராளியாச்சே, குடுக்கலாமா?"

"இது என்ன கேள்வி? வெதைக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பறதா? போன வருஷத்து விதை வேணாம், புது மூட்டையை அவிழ். ரெண்டு கேட்டா மூணாக் குடு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பெருமையாக அவள் என்னைப் பார்த்ததில்லை. அது போதாதென்று நானே கொல்லைப்புறம் போனேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண் பதறி ஒதுங்கினாள். "பயப்படாதே," என்றேன். "கோர்ட்டுல பேசறது தொழிலு. மழை நல்லாக் கீது, சீக்கிரம் போய் வெதை."

அவள் கண் கலங்கிப்போயிற்று. "நீங்க நல்லா இருக்கணும் சாமி," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எதிர்க்கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். தர்மமாம், மண்ணாங்கட்டி! வாயை எங்கே மூடினேன்? சீக்கிரம் போய் விதை என்றல்லவா சொன்னேன்! அன்றைக்கு எனக்கு இருந்தது சந்தோஷம். ஒளிப்பானேன்? வாயெல்லாம் பல். சாயங்காலம் மூத்தவனுக்கு ஆள் அனுப்பி, சூளைக் கொல்லையில் அவள் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாதே, மாடு கேட்டாலும் கொடுத்துவிடு என்று சொன்னேன். அவன் கெட்டிக்காரன், ஏன் என்று கேட்கவில்லை. ஒரு ஜோடி மாட்டைக் கொல்லைப் பக்கம் மேயவிட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஆவணிக் கடைசியில் கமிஷனர் வந்தான். நான், அவள் வக்கீல், அண்ணன் தம்பி எல்லோரும் கூடவே போனோம். ரோட்டிலிருந்து இறங்கித் திரும்பியதுமே தெரிந்தது. மூன்று ஏக்கரும் பச்சை. முழங்கால் உயரத்துக்குக் கேழ்வரகு. ஓரமெல்லாம் அவரைக் கொடி. பொறுக்கிய செங்கல் சல்லியை வரப்பாக அடுக்கி வைத்திருந்தாள். பழைய சூளைக் குழியில் மழைத்தண்ணீரைத் தேக்கிப் பூசணி போட்டிருந்தாள். ஒண்டிப் பொம்பளை இத்தனையும் எப்படிச் செய்தாள் என்று இன்றைக்கும் எனக்கு மட்டுப்படவில்லை. சூளை இருந்த சுவடு தெரியவேண்டுமானால் பயிரை விலக்கித் தேடவேண்டும்.

அவள் தலை முழுகி, எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கமிஷனருக்கு மோர் கரைத்து வைத்திருந்தாள். "பாருங்க சாமி," என்று கையை நீட்டிக் காட்டினாள். "அல்லாம் நான் வெச்சது. ஒராளு கை வைக்கல. நான் ஒண்டியா வெச்சது."

"இந்த மண்ணில் பயிர் நன்றாக வருமோ?" என்று கேட்டேன் நான், கமிஷனர் காதில் விழும்படி.

"இன்னா அப்பிடிக் கேக்கறீங்க? பொன்னு வெளையும்!"

கமிஷனர் எழுதிக்கொண்டான். அவள் வக்கீல் செங்கல் வரப்பின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாவி மகளே," என்றார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே."

"இன்னா சாமி? பயிர் நல்லாத்தானே கீது?"

அவள் அவரைப் பார்த்தாள், கமிஷனரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு விதை கொடுத்த மனுஷன் முகத்தையே என்னிடம் எதிர்பார்த்திருப்பாள். மூத்தவன் பின்னால் நின்று இருமுவதுபோலச் சிரித்தான். மோர் அப்படியே இருந்தது, யாரும் குடிக்கவில்லை.

புரட்டாசியில் தீர்ப்பு. கூண்டில் அவள் சொன்னதும் கமிஷனர் கண்ணால் கண்டதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அவள் சாட்சியத்தை நம்புவதற்கில்லை, நிலம் விவசாய நிலமே என்றார் முன்சீப். புருஷன் செத்த அன்றைக்கு நிலம் எப்படி இருந்தது என்றுதான் பார்க்கவேண்டும் என்று அவள் வக்கீல் தொண்டை வறளப் பேசியிருந்தார். வாதம் சரிதான். ஆனால் அதற்குச் சாட்சி அவள் ஒருத்திதானே, அவள் வாயைத்தான் அவள் பயிரே அடைத்துவிட்டதே! வீட்டில் மட்டும் ஓர் அறை கொடுத்தார்கள். மாட்டுக்கொட்டிலை ஒட்டினாற்போல இருந்த அறையை மூத்தவன் ஒதுக்கினான். சூளைக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். கதிர் முற்றியதும் அறுப்புக்கு ஆள் வைத்தார்கள். அந்தக் கூலி ஆட்களில் அவளும் ஒருத்தி. அவள் வைத்த பயிரை அவளே அறுத்து, அவர்கள் களத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். என் வீட்டுக்கு ஒரு கெடா வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள், தூறல் விட்ட வேளை. கோர்ட்டு லீவு. நான் கொல்லைப்புறத்தில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். அதே சேலை. மடியில் ஒரு மூட்டை. உடம்பு பாதியாகிப் போயிருந்தது.

"வாம்மா," என்றாள் என் மனைவி. அவளுக்கு வழக்கு தோற்றது தெரியும், எப்படித் தோற்றது என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

வந்தவள் அவளைப் பார்க்கவில்லை. நேரே என் எதிரே வந்து நின்றாள். ஒரு கன்னத்தில் நுரையோடு நான் கத்தியைப் பிடித்தபடி இருந்தேன்.

"உங்கள ஒண்ணு கேக்கணும் சாமி. அன்னிக்கு எனக்கு வெதை குடுக்கச் சொன்னீங்களே. நான் பயிர் வெச்சா கேசு பூடும்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"இந்தா பாரும்மா," என்று ஆரம்பித்தேன். "சட்டம்னா அது ஒரு பெரிய சமாச்சாரம். உங்க வக்கீல்தான் உனக்கு எடுத்துச் சொல்லியிருக்கணும். எதிராளிக்கு நான் போயி..."

"ஒரே வார்த்தை சாமி," என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "ஆமாவா, இல்லியா?"

என் மனைவியின் கை முறத்தில் நின்றுவிட்டது. இருபது வருஷமாக நான் எத்தனையோ பேரை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், கணக்கு ஒன்று சரியாகிப் போனதுபோல. மடியை அவிழ்த்து, என் மனைவியின் முறத்தில் கேழ்வரகைக் கொட்டினாள். இரண்டு படி இருக்கும். "கூலியில வந்ததுக்கா. வெதை குடுத்த ஊட்டுக்கு மொதப் பிடி. முறை முறைதான்," என்றாள். படலைச் சாத்திவிட்டுப் போனாள். நான் பாதி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். பேச்சில் என்னை யார் ஜெயிக்க முடியும்? அவள் முறத்தோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஏந்திரம் அரைக்கிற சத்தம் கேட்டது. மத்தியானம் இலை போட்டாள், எனக்கு மட்டும். களி. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நீ சாப்பிடல?" என்றேன்.

"இது உங்களுக்கு வந்தது," என்றாள்.

எனக்கு இறங்கவில்லை. நாலு வாய் தின்றுவிட்டுக் கையை உதறினேன். அவள் நகரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்திருக்கப் பார்த்தபோது இலையில் இன்னொரு உருண்டையை வைத்தாள். தின்றேன். அதற்கு மேலும் ஒன்று வைத்தாள். பானையில் துளிகூட மிச்சமில்லாமல் தீர்கிற வரைக்கும் அவள் வைத்துக்கொண்டே இருந்தாள், நானும் தின்றுகொண்டே இருந்தேன்.